விளையாட்டன்று, வன்கொடுமை!

கடல்மல்லையில் குன்றைக் குடைந்து எடுத்த கோயிலொன்றில் கொற்றவை அரிமாவின்மேல் அமர்ந்து, பல கைகளிலும் படைக்கலம் தாங்கி, எருமைத் தலையனை எதிர்த்து வருகின்றாள். அவன் உருவிற் பெரியவன்; கையில் தண்டு ஏந்தியவன்; ஆயினும் பின்னோக்கிச் சாய்கின்றான். பல்லவர் காலத்துக் கல்தச்சன் பாறையில் வடித்த அவ் வீறார்ந்த பெண்ணுருவைக் காண நாள்தோறும் பல நாட்டினர் வருகின்றனர். 1984-ஆம் ஆண்டில் மல்லைச் சின்னங்கள் உலக மரபுச் செல்வங்களாக ஏற்கப்பெற்றபின் அவ் வூரின் பெயர் உலகெங்கும் பரவியுள்ளது.

அக் குன்றினின்று கூப்பிடு தொலைவிலே பேருந்து நிற்கும் இடம். மாலை மங்கும் வேளையில் செங்கற்பட்டுக்கோ திருக்கழுக்குன்றத்துக்கோ செல்லவேண்டிய பெண்ணொருத்தி அங்கு நிற்கின்றாள். தோளில் தொங்கவேண்டிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கின்றாள். பையில் பொன்னோ பொருளோ இல்லை. இரண்டு பாடநூலும் ஒரு வெற்று உணவுக் கலமுமே உள்ளன. அப் பை அவளுக்குக் கேடயம். கூட்டம் நிறைந்த பேருந்தில் ஏறியபின், முன்னும் பின்னும் நெருங்கும் கைகளினின்றும் முழங்கைகளினின்றும் உடலைக் காத்துக்கொள்ள அவள் தானே கண்டுபிடித்த ஒரே படைக்கலம். கல்லில் உள்ள பெண்ணுக்குப் பலத்த கண்காணிப்பு. உயிருள்ள பெண்ணுக்கு ஒரு பாடநூற் பை! தமிழகத்தின் இன்றைய நிலை இதுதான்.

இக் கொடுமைக்கு இந் நாட்டில் பல்லாண்டுகளாக வழங்கிய பெயர் 'ஈவ் டீசிங்' என்பது. இந்தியத் துணைக்கண்டத்தில் ஆங்கிலம் எழுதுவோர் தமக்குத் தாமே ஆக்கிக்கொண்ட சொல் இது. ஈவ் என்பவள் விவிலியக் கதையின் முதற் பெண்; ஆடவனைத் தவற்றுக்கு இழுத்தவள் என்று பழி சுமத்தப்பெற்றவள். டீசிங் என்றால் பகடி செய்தல், விளையாட்டாகச் சீண்டுதல். ஆக, குற்றம் நிகழுமுன்னரே பழி பெண்ணின்மேல் வைக்கப்பட்டாயிற்று. குற்றம் நிகழ்ந்தபின் அது விளையாட்டென்று தள்ளுபடியும் ஆயிற்று. ஒரு பெண்ணின் உடலை அவள் உடன்பாடின்றித் தொடுவது எவ்வகை விளையாட்டு? விளையாட்டென்றால் இருபுறத்தாரும் ஆடவேண்டும், இருவரும் மகிழவேண்டும், விரும்பாதவர் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாததற்கு விளையாட்டென்று பெயரிட்டது மொழிக்கு இழைத்த கேடு. மொழியின் வழியாகப் பெண்ணுக்கு இழைத்த கேடு.

தமிழ்ச் செய்தித்தாள்களும் இதில் தூய்மையுடையன அல்ல. பேருந்தில் பெண்களை இடித்து இன்புறும் கயவனுக்கு அவை சூட்டிய பெயர் 'இடிமன்னன்'. தெருமுனையில் நின்று வருவோர் போவோரை இழிமொழி பேசுபவனுக்கு அவை இட்ட பெயர் 'உரோமியோ'. ஒருவனுக்கு மணிமுடி, மற்றவனுக்குக் காதற் காவியத்தின் தலைமகன் பட்டம்! திருடனைத் 'திருட்டு மன்னன்' என்று எழுதினாலும் அவனால் பொருளிழந்தவர் சிரிப்பதில்லை. ஆயின் இடிமன்னன் என்று படிக்கும் ஆடவன் புன்முறுவல் பூக்கின்றான். அப் புன்முறுவலே இக் குற்றத்தின் உரம். அதில்தான் அது வேரூன்றி வளர்கின்றது. சொல் பிழைபட்டால் எண்ணம் பிழைபடும். எண்ணம் பிழைபட்டால் நடைமுறை பிழைபடும். தூய சொல்லுக்காகப் போராடும் இயக்கம் முதலில் தூக்கியெறிய வேண்டிய சொற்கள் இவை. இக் கொடுமைக்குரிய பெயர் பகடி அன்று, சீண்டல் அன்று, வன்கொடுமை.

இக் கொடுமையின் உண்மையான விலை எது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கணநேர அருவருப்பு, ஒரு நாளைய மனவருத்தம், அவ்வளவே என்று கருதுவோர் பலர். அன்று. நாள்தோறும் ஒரே பேருந்தில் ஒரே ஆளால் தொல்லையுறும் சிற்றூர்ப் பெண் அதனை வீட்டில் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை? தாய் தந்தையர் அன்பற்றவர் என்பதாலன்று, அன்புடையவர் என்பதால்தான். சொன்ன மறுநாளே, "படித்தது போதும்; வீட்டில் இரு" என்பர். அதற்கடுத்த திங்களில் மணம் பேசுவர். தன் படிப்பைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் தனக்கிழைக்கப்படும் கொடுமையை மறைத்தாக வேண்டும் என்னும் கொடிய கணக்கை அவள் தனியாகப் போட்டுப் பார்க்கின்றாள், வாய் பொத்திக்கொள்கின்றாள். அக் கயவனும் அதே கணக்கை அறிந்து வைத்துள்ளான். அவள் சொல்லமாட்டாள் என்பதே அவனுக்குத் துணிவு. குற்றம் செய்தவன் அடுத்த பேருந்தில் தன்னுரிமையோடு செல்கின்றான். குற்றத்துக்கு ஆளானவள் நான்கு சுவருக்குள் ஒறுப்பு நுகர்கின்றாள். உலகின் எச் சட்டநூலிலும் இல்லாத இந்த ஒறுப்புமுறை தமிழர் இல்லங்களில் எழுதாச் சட்டமாக நின்று வழங்குகின்றது.

செங்கற்பட்டுப் பகுதிக்கு இஃது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை அவ் வட்டாரத்தை அறிந்தோர் அறிவர். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான செங்கற்பட்டு, நெல்லும் ஏரியும் மட்டும் கொண்ட பழைய நாட்டுப்புறம் அன்று. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளும், பரனூரை அடுத்த மகேந்திரா உலக நகரின் கணிப்பொறி நிறுவனங்களும், கல்லூரிகளும், மருத்துவமனைகளும் பெண்களின் கைகளாலும் அறிவாலும் இயங்குகின்றன. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடும் மின்தொடர்வண்டியில் விடியுமுன் ஏறி இருட்டியபின் இறங்கும் பெண்கள் எண்ணற்றோர். கடற்கரைப் பக்கமோ, கோவளமும் கொக்கிலமேடும் சதுரங்கப்பட்டினமும் புதுப்பட்டினமும் ஆகிய மீனவ ஊர்களின் பெண்கள் கூடை சுமந்து விடியலிலேயே சாலைக்கு வருகின்றனர். இவர்கள் அனைவரும் வீட்டிலிருந்து பணிக்கும் படிப்புக்கும் செல்லும் வழியில் ஒரு சாலையை, ஒரு வண்டியை, ஒரு நிலையத்தைக் கடந்தாக வேண்டும். அவ் வழி காப்பற்றதாயின் கல்லூரி கட்டியும் தொழிற்சாலை நிறுவியும் என்ன பயன்?

அத் தொடர்வண்டிப் பாதையே குருதி தோய்ந்த பாதையாயிற்று. 2016 சூன் 24 காலை, மகேந்திரா உலக நகர்ப் பணிக்குச் செல்ல நுங்கம்பாக்கம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் பலர் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்து வந்த ஒருவனே கொன்றான் என்று காவல்துறை கூறியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் உசாவல் நடைபெறுமுன்னரே அவ் வாண்டு செப்டம்பரில் சிறையில் இறந்தார். கொலை நிகழ்ந்தபோது அந் நிலையத்தில் கண்காணிப்புப் படக்கருவி ஒன்றும் இல்லை. 2022 அக்டோபர் 13 அன்று அதே பாதையில் பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவரை, அவரைப் பின்தொடர்ந்து தொல்லை தந்து வந்தவன் ஓடும் வண்டியின்முன் தள்ளிக் கொன்றான். 2024 திசம்பர் 30-இல் சென்னை மகளிர் நயன்மன்றம் அவனுக்குச் சாவு ஒறுப்பு வழங்கியது. 2025 சனவரி இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டை ஒட்டி இரவில் மகிழுந்தில் சென்ற பெண்களை வேறு வண்டிகளில் வந்த ஆடவர் வழிமறித்தும் துரத்தியும் அச்சுறுத்திய காட்சி, அப் பெண்கள் கைப்பேசியில் பதிந்ததால் நாடறிந்தது. பதிவு இல்லாதிருந்தால் அவர்கள் சொல்லை எத்தனை பேர் நம்பியிருப்பர்?

கொலை என்னும்போது நாடு கொதிக்கின்றது. ஆயின் எக் கொலையும் கொலையாகத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு சீழ்க்கை, பின்னர் ஒரு சொல், பின்னர் வழிமறிப்பு, பின்னர் நாள்தோறும் பின்தொடர்தல், இறுதியில் வெட்டரிவாள். முதற்படியிலேயே தடுத்து நிறுத்தாத குமுகாயம் இறுதிப் படியில் நின்று அழுவது கண்ணீரின் வீண்செலவு.

சட்டம் இல்லையா என்றால், உண்டு, நிரம்ப உண்டு. 1998 சூலையில் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், தானியில் வந்த இளைஞர் கூட்டம் செய்த அத்துமீறலால் கீழே வீழ்ந்து தலையில் அடிபட்டு உயிர்நீத்தார். நாடு அதிர்ந்தது. அத் திங்கள் முடியுமுன்னரே தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டில் அது நிலையான சட்டமாயிற்று. பெண்ணுக்கு அச்சமோ நாணமோ கூச்சமோ விளைவிக்கும் ஆடவனின் எந்த இழிசெயலும் குற்றம் என்றது அச் சட்டம். பள்ளி, கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை, திருவிழா நடைபெறும் இடம் என எவ்விடத்தையும் விட்டுவைக்கவில்லை. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 உருபாவுக்குக் குறையாத தண்டம், அல்லது இரண்டும் என்றது. ஆயினும் அச் சட்டத்தின் பெயரிலேயே அந்த 'ஈவ் டீசிங்' அமர்ந்திருந்தது! குற்றத்தை ஒறுக்க வந்த சட்டமே குற்றத்தைப் பகடி என்று பெயர் சொல்லி அழைத்த விந்தை அது. 2002-இல்தான் அப் பெயர் நீக்கப்பெற்றுப் பெண்கள்மீதான வன்கொடுமையைத் தடுக்கும் சட்டமாக அது பெயர் மாறிற்று. பெயர் திருந்த நான்காண்டு. எண்ணம் திருந்த எத்தனை ஆண்டோ?

2012 திசம்பர் 16 அன்று தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் நடுவர் வர்மா தலைமையிலான குழு 2013 சனவரி 23-இல் அறிக்கை தந்தது. அதனையொட்டிப் பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல், இழிமொழி கூறல் முதலியன தனித்தனிக் குற்றங்களாக நடுவணரசின் சட்டத்தில் இடம்பெற்றன. 2024 சூலை 1 முதல் பழைய தண்டச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. அதற்குத் தமிழ்ப் பெண் எவளும் வாயால் சொல்லவியலா வடமொழிப் பெயர் சூட்டப்பெற்றது. 'பாரதிய நியாய சன்கிதை'யின் 75, 77, 78, 79 ஆகிய பிரிவுகளே இக் குற்றங்களுக்குரியவை. பின்தொடர்ந்து தொல்லை தருவோனுக்கு முதன்முறை மூன்றாண்டு வரையும் மறுமுறை ஐந்தாண்டு வரையும் சிறை உண்டு. தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரையே சொல்லத் தெரியாத பெண் அதன் துணையை எவ்வாறு நாடுவாள்? மக்கள் மொழியில் இல்லாத சட்டம் மக்களுக்கு அரணாகாது, அலுவலர்க்கே அணிகலனாகும். 2025 சனவரியில் தமிழகச் சட்டமன்றமும் ஒறுப்பைக் கடுமையாக்கும் திருத்தங்களை நிறைவேற்றிற்று. ஒறுப்பின் அளவு உயர்ந்துகொண்டே போகின்றது. ஒறுக்கப்படுவோர் தொகை உயர்ந்ததா என்பதே கேள்வி.

அக் கேள்விக்கு விடையாக ஒரு வழக்கைக் கூறலாம். 1999 சூலை 9 இரவு, தென்காசியில் திருமணமான பெண்ணொருவர் தம் கணவரோடு பேருந்துக்குக் காத்திருந்தார். அவரிடம் குடிமயக்கத்தில் வந்து இழிவாக நடந்துகொண்டவன் யார்? குற்றாலப் பருவக் காலத்தில் மக்களைக் காக்கும் பொருட்டு அங்கு அனுப்பப்பெற்றிருந்த காவலன்! தட்டிக்கேட்ட கணவரையும் அவன் அச்சுறுத்தினான். அவ் விருவரும் அஞ்சி ஓடிவிடவில்லை, முறையிட்டனர், வழக்குப் பதிவாயிற்று. துறை உசாவலில் குற்றம் மெய்ப்பட்டு அவன் வேலையினின்று நீக்கப்பெற்றான். ஆனால் குற்றவழக்கு மன்றுக்கு வந்தபோதோ முறையிட்டோரே முன்சொன்னதை மறுத்துரைத்தனர், அவன் விடுவிக்கப்பெற்றான். அவ் விடுதலையைக் காட்டி மீண்டும் வேலை கேட்டான். உயர் நயன்மன்றம் அதற்கு இசைந்தது. இறுதியில் 2012 நவம்பர் 30-இல் உச்ச நயன்மன்றம், சான்று கலைந்ததால் கிடைத்த விடுதலை மதிப்பார்ந்த விடுதலை ஆகாது என்று கூறி அவனது வேலைநீக்கத்தை உறுதி செய்தது. ஓர் இரவின் கொடுமைக்கு விடை காணப் பதின்மூன்று ஆண்டுகள்!

கணவனும் மனைவியும் ஏன் பின்வாங்கினர் என்று மன்றப் பதிவு சொல்லவில்லை. ஆயினும் தமிழகத்துச் சிற்றூர்களை அறிந்தோர்க்கு ஒன்று தெரியும். வழக்குநாள் தோறும் வேலையிழந்து, கூலியிழந்து, மன்றத்தின் வாயிலில் நின்று, தன் உடலுக்கு நேர்ந்ததை அயலார் கூட்டத்தின்முன் மீண்டும் மீண்டும் உரைக்கவேண்டிய நிலை எப் பெண்ணையும் தளர்த்திவிடும். அவளுக்கு அண்டை வீட்டார் துணையில்லை. உடன்நின்ற பயணியர் துணையில்லை. சான்று சொல்ல ஆளில்லை. சட்டம் அவளைத் தோற்கடிக்கவில்லை. சூழநின்று வாளாவிருந்த மக்களே தோற்கடித்தனர்.

அதே தீர்ப்பில் உச்ச நயன்மன்றம் நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் இட்டது. பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, கடற்கரை, வழிபாட்டிடம் முதலிய இடங்களில் எளிய உடையில் பெண்காவலரை நிறுத்தவேண்டும். கண்காணிப்புப் படக்கருவி பொருத்தவேண்டும். உதவித் தொலைபேசி அமைக்கவேண்டும். எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். இவற்றினும் முகாமையாக, ஓடும் வண்டியில் இக் கொடுமை நிகழ்ந்து பெண்ணோ பயணியரோ முறையிட்டால், அவ் வண்டியை ஓட்டுநரும் நடத்துநரும் அண்மைக் காவல்நிலையத்துக்கே ஓட்டிச் செல்லவேண்டும். 2022-இல் தமிழக அரசும் இயக்கூர்தி விதிகளைத் திருத்தி, பேருந்தில் பெண்களை உற்று நோக்குதல், சீழ்க்கையடித்தல், கண்ணடித்தல், இழிபாட்டுப் பாடுதல், படமெடுத்தல் ஆகியவற்றைத் தடுத்தது. அத்தகையோனை இறக்கிவிடவும் காவல்துறையிடம் ஒப்புவிக்கவும் நடத்துநருக்குக் கடமை வகுத்தது. இவ்விதிகள் எத்தனை நடத்துநர்க்குத் தெரியும்? தெரிந்தோருள் எத்தனை பேர் செய்வர்?

செய்யத் துணிவில்லை என்று சொல்லவும் இயலாது. 2021 திசம்பரில் குமரி மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த முதிய பெண்ணை மீன்நாற்றம் வீசுகின்றது என்று அரசுப் பேருந்தினின்று இறக்கிவிட்டனர். பின்னர் அப் பணியாளர் பணியிடை நீக்கம் பெற்றனர். உழைத்துக் களைத்த மூதாட்டியை இறக்கிவிடத் துணிந்த கை, பெண்ணின்மேல் கைவைத்த கயவனை இறக்கிவிட ஏன் நடுங்குகின்றது? மீன்நாற்றம் குளித்தால் போகும்; மனநாற்றம் வண்டி முழுதும் பரவி வளர்ந்து நிற்கும். எதனை இறக்கவேண்டும், எதனை ஏற்றவேண்டும் என்பதில் இந் நாடு மாறாட்டம் கொண்டுள்ளது.

இங்கே சிலர் எழுந்து, "பெண்கள் உடுக்கும் உடையே கரணியம், இரவில் வெளிச்செல்வதே கரணியம், மேலைப் பண்பாட்டைப் பின்பற்றியதே கரணியம்" என்பர். தமிழ்ப் பற்றுடையாருள்ளும் இவ்வாறு பேசுவோர் உளர் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. அவர்க்கு மறுமொழி எளிது. கொக்கிலமேட்டு மீனவப் பெண் உடுத்தியிருப்பது சேலை. அவளுக்கும் தொல்லை உண்டு. நடவுக்குச் செல்லும் பெண் போவது பகலில், அவளுக்கும் உண்டு. மல்லைக் கடற்கரையில் மாசிமகத்தன்று கூடும் இருளர் குடிப் பெண் எந்த மேலைப் பண்பாட்டைக் கண்டாள்? பள்ளிச் சீருடை அணிந்த பதின்மூன்று அகவைச் சிறுமியின் உடையில் என்ன குறை கண்டனர்? ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணாயின் கொடுமை இருமடங்கு. அவள் முறையிட்டால் கேட்கும் செவி பாதி. உடை கரணியமாயின் உடைக்கேற்பக் கொடுமை கூடிக் குறையவேண்டும், அவ்வாறில்லை. கரணியம் பெண்ணின் உடையில் இல்லை. ஆணின் வளர்ப்பில் உள்ளது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய இழிவும் அன்று. இலங்கையில் 2017-இல் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் வெளியிட்ட ஆய்வின்படி, பேருந்திலும் தொடர்வண்டியிலும் இத்தகைய கொடுமைக்கு ஆளானோர் நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள். காவல்துறையை நாடினோரோ நூற்றுக்கு நால்வர். பிரான்சு நாடு 2018-இல் தெருவில் பெண்ணை இழிமொழி கூறுதற்குத் தண்டம் விதித்தது. பிரித்தானியா 2023-இல்தான் தனிச்சட்டம் இயற்றியது. ஆயின் பிற நாட்டிலும் உண்டு என்பது ஆறுதலுக்குரிய செய்தியன்று. பண்பாட்டிற் சிறந்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் அதனை ஒழிப்பதிலும் முந்தி நிற்கவேண்டும்.

முந்தி நின்ற மரபு செங்கற்பட்டுக்கு உண்டு. 1929 பிப்பிரவரி 17, 18 ஆகிய நாள்களில் முதல் தன்மான மாநாடு கூடியது அவ் வூரில்தான். பெண்களுக்கு ஆண்களோடொத்த சொத்துரிமை வேண்டும், எத்தொழிலையும் மேற்கொள்ளும் உரிமை வேண்டும் என்று அம் மாநாடு முடிவு செய்தபோது நாடு நகைத்தது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், அச் சொத்துரிமையைத் தமிழகச் சட்டமன்றம் சட்டமாக்கியது. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரும் அம் மாவட்டத்திலேயே உள்ளது. அடிகளின் மகளார் நீலாம்பிகையம்மையார் வெறும் வீட்டு விளக்காக இருந்தவரல்லர். வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தொகுத்து அகரவரிசை கண்டவர். 1938 நவம்பர் 13-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அம் மாநாட்டையடுத்துப் பெண்கள் தெருவுக்கு வந்து இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்தனர். கைக்குழந்தையோடும் சிறை புகுந்தனர். தமிழைக் காக்கப் பெண் தெருவுக்கு வரலாம். தன் பிழைப்புக்கும் படிப்புக்கும் அவள் தெருவுக்கு வரக்கூடாதா? அன்று அவள் நடந்த தெரு மொழிக்கு உரிமை தேடிய தெரு. இன்று அத் தெருவில் அவளுக்கே உரிமை இல்லையெனின் மொழிப்போர் வென்றதாக எவ்வாறு பேசுவது?

இளைஞர் உள்ளத்தை நஞ்சாக்கியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வேண்டாமென்று விலகிச் செல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதையும், அவள் வண்டியை மறிப்பதையும், நண்பர் குழாத்தோடு சூழ்ந்து இழிபாட்டுப் பாடுவதையும் காதலென்று காட்டி, முடிவில் அவளையே அவன் காலடியில் வீழ்த்திக் காட்டிய படங்கள் கணக்கில. "பெண் மறுத்தால் அது மறுப்பன்று, இன்னும் துரத்தவேண்டும் என்பதற்கான குறிப்பு" என்னும் பாடத்தை இரண்டு மூன்று தலைமுறையாக இருட்டறையில் பயின்ற இளைஞன், பேருந்து நிறுத்தத்தில் அதனை ஒப்பிக்கின்றான். காதல் தமிழர்க்குப் புதிதன்று. அகத்திணை கண்ட இனம் தமிழினம். ஆயின் ஒருதலைப்பட்ட வேட்கையைக் கைக்கிளை என்றும், பொருந்தா வேட்கையைப் பெருந்திணை என்றும் வேறு பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தவரும் அவர்களே. இருவர் உள்ளமும் ஒத்ததே காதல் என்று இலக்கணம் வகுத்த இனத்தில் துரத்துதலைக் காதலென்று விற்பது தமிழுக்கே செய்யும் இரண்டகம்.

செய்யவேண்டுவது என்ன? சட்டம் இயற்றுமாறு கேட்பது இன்று தேவையன்று. இயற்றிய சட்டத்தை எழுப்பி நடக்கச் செய்வதே தேவை. செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்திலும் மல்லை நிறுத்தத்திலும் தொடர்வண்டி நிலையங்களிலும், நடத்துநர் கடமை இன்னது, ஒறுப்பு இன்னது, உதவி எண் இன்னது என்று எளிய தமிழில் எழுதிய பலகை நிற்கவேண்டும். மகளிர் உதவிக்கு 181, உடனடிக் காவலுக்கு 112, தொடர்வண்டியில் 139 என்னும் எண்கள் பள்ளிச் சிறுமிக்கும் மனப்பாடமாகவேண்டும். எந்தக் காவல்நிலையமும், "நிகழ்ந்த இடம் எம் எல்லையன்று" என்று முறையீட்டைத் திருப்பியனுப்ப இன்றைய சட்டம் இடந்தரவில்லை. முதலில் பதிவு செய்து, பின்னரே உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும். ஓடும் வண்டியில் பயணம் செய்வோர்க்கு இஃது அரிய படைக்கலம். இதனை அறியாதார் மிகப் பலர். ஊராட்சிகள் செய்யவேண்டுவதோ அதனினும் எளிது: இருண்ட நிறுத்தத்தில் ஒரு விளக்கு. ஒரு விளக்கின் செலவு ஒரு வரவேற்பு வளைவின் செலவினும் குறைவு.

பெற்றோர் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றினும் பெரிது. மகள் வந்து சொன்னால் அவளை வீட்டில் பூட்டாதிருத்தல். "நீ சொன்னது நன்று, நாளையும் கல்லூரிக்குச் செல், நான் உடன் வருகின்றேன், காவல்நிலையத்துக்கும் வருகின்றேன்" என்று தந்தை சொல்லும் நாளில் கயவனின் துணிவு பாதியாகும். மகனை உடனமர்த்திப் பேசுதல் மற்றொன்று. இரவில் எங்குச் சென்றாய் என்று மகளைக் கேட்கும் வீடுகளில், தெருமுனையில் நின்று என்ன செய்தாய் என்று மகனைக் கேட்கும் வீடுகள் எத்தனை?

தமிழ் இயக்கத்தாரின் பொறுப்போ இன்னும் மிகுதி. தூயதமிழ் பேசும் வாய் பெண்ணைக் கண்டு சீழ்க்கையடிக்குமாயின் அத் தூய்மை வெறும் ஒலித்தூய்மை, உள்ளத்தூய்மை அன்று. அயற்சொல் கலவாமையை விழிப்போடு காக்கும் இளைஞன், அயலார் மகளின் உடலிலும் உரிமையிலும் தன் கை கலவாமையையும் காக்கவேண்டும். கிளைகள்தோறும் இதனைப் பேசவேண்டும். பேருந்தில் ஒரு பெண் குரலெழுப்பும்போது, "ஏன் வம்பு?" என்று தலைகுனியாமல், முதலாவதாக எழுந்து நிற்பவன் தமிழ்த்தொண்டனாக இருக்கவேண்டும். வழக்குநாளில் அவளோடு மன்றுக்குச் சென்று, கண்டதைக் கண்டபடி சான்றுரைப்பவனும் அவனாகவே இருக்கவேண்டும். அடிதடி வேண்டுவதில்லை, வழிப்போக்கர் தாமே ஒறுப்பது மற்றொரு கொடுமை. வேண்டுவது உடன்நிற்றல், பெயரைச் சொல்லிச் சான்று கூறல், இறுதிவரை விலகாதிருத்தல். தென்காசியில் அவ் விணையர்க்கு அத்தகைய துணை பத்துப் பேர் இருந்திருப்பின் பதின்மூன்று ஆண்டு வழக்கு ஓராண்டில் முடிந்திருக்கலாம்.

மல்லைக் குகையில் எருமைத் தலையன் பின்வாங்குவது கொற்றவை ஒருத்தியின் மறத்தால் மட்டும் அன்று; அவளைச் சூழ அவள் படையும் போரிட்டு வருவதாகவே கல்தச்சன் செதுக்கியுள்ளான். பெண்ணைத் தனியே போருக்கு அனுப்பிவிட்டு ஊர் வேடிக்கை பார்த்ததாக அவன் செதுக்கவில்லை. கல்லில் அவன் காட்டிய உண்மையைத் தமிழர் வாழ்வில் காட்டும் நாள் வரவேண்டும். செங்கற்பட்டு நிறுத்தத்தில் நிற்கும் பெண் தன் பாடநூற் பையை மார்பினின்று இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கைவீசி நடந்து, வண்டியேறும் நாளே தமிழகம் தலைநிமிரும் நாள். அந் நாளை ஆக்குவது சட்டமன்றத்தின் கையில் மட்டும் இல்லை. அவள் அருகே நிற்கும் ஒவ்வொரு தமிழனின் கையிலும் உள்ளது.

எழுக, அவ் வருகிலுள்ளோர்!